எங்கே அடித்தால் விழும்? அயல் ஊடுருவிகளின் உயிரியலும் கட்டுப்பாடும்

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டி அப்புறப்படுத்தினால் நிலம் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அதே அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து போத்துகள் கிளம்பும். ஒற்றைத் தண்டாக நின்ற மரம் நுழைய முடியாத முட்புதராகிவிடும். உழைப்பில் குறையில்லை, வெட்டிய இடம்தான் தவறு. அந்த மரத்தின் உறங்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குக் கீழேயும் இருக்கின்றன. மண்ணைத் தோண்டி, பெரிய மரமானால் ஏறக்குறைய 30 செ.மீ. ஆழத்தில் வேரைத் துண்டித்து, கழுத்தோடு பெயர்த்தெடுத்தால்தான் அது சாகும்.

லாண்டானா எனப்படும் உண்ணிச்செடிக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. அது துளிர்க்கும் பகுதி மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஆணிவேரை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் துண்டித்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும். கவிழ்த்து வைப்பதற்கும் காரணம் உண்டு: கிளைகள் ஈரமண்ணில் படுத்துக் கிடந்தால் கணுக்களிலிருந்து வேர்விட்டு மறுபடி எழுந்துவிடும். தரைக்கு மேலே வெட்டுவதும் தீ வைப்பதும் இந்தச் செடிக்குக் கவாத்து செய்துவிடுவதற்குச் சமம்.

அயல் ஊடுருவிகளைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதற்கும் இது பொருந்தும். ஓர் உயிரியின் வாழ்க்கைச் சுழற்சியில் எந்தக் கட்டம் அதன் பெருக்கத்தைத் தாங்கி நிற்கிறது என்று தெரிந்து அங்கே கை வைத்தவர்கள் வென்றிருக்கிறார்கள். தெரியாமல் கை வைத்தவர்கள் பல நேரம் அதற்கு உதவி செய்திருக்கிறார்கள்.

எது ஊடுருவி, எது வெறும் விருந்தாளி

வேறு மண்ணிலிருந்து வந்த எல்லாமே ஊடுருவி ஆகிவிடாது. மனிதர் கைபட்டு இயல்பான வாழிடத்துக்கு வெளியே போய்ச் சேரும் உயிரி பல வடிகட்டிகளைத் தாண்ட வேண்டும். பயணத்தில் பிழைக்க வேண்டும், புதிய இடத்தின் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்க வேண்டும், இணை கிடைத்து இனம் பெருக வேண்டும், பிறகு பரவ வேண்டும். ஒவ்வொரு வடிகட்டியிலும் தோராயமாகப் பத்தில் ஒன்றுதான் தப்பும் என்றொரு பழைய கணக்கு உண்டு. செடிகளுக்கு ஓரளவு சரி. முதுகெலும்புள்ள விலங்குகளில் பாதிக்குப் பாதி தப்பிவிடுகின்றன என்பதால் அதை விதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பல்லுயிர்களைப் பற்றிய அரசுகளுக்கிடையிலான அறிவியல் அமைப்பான ஐ.பி.பி.இ.எஸ். 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 37,000-க்கும் மேற்பட்ட அயல் இனங்கள் புதிய இடங்களில் நிலைகொண்டிருக்கின்றன. அவற்றில் தீங்கு செய்வதாக ஆவணப்படுத்தப்பட்டவை 3,500-க்கு மேல். பதிவான இன அழிவுகளில் 60 விழுக்காட்டில் ஊடுருவிகளுக்குப் பங்கிருக்கிறது. 16 விழுக்காட்டில் அவை மட்டுமே காரணம்.

எது தப்பிப் பிழைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல உதவும் காரணிகளில் மிக உறுதியானது உயிரியின் குணம்கூட அல்ல, அது எத்தனை முறை, எத்தனை எண்ணிக்கையில் வந்து இறங்குகிறது என்பதுதான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1890-லும் 1891-லும் சுமார் நூறு ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை விட்டார்கள். வட அமெரிக்காவில் அதற்கு முன்பும் அதே பறவையை விட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தடம் இல்லாமல் போயின. சிறு கூட்டம் தற்செயலாலேயே அழிந்துவிடும். ஒரு குளிர்காலம், ஒரு நோய், ஆணும் பெண்ணும் சந்திக்காமல் போன ஒரு பருவம் போதும்.

கூட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாகவே தேய்ந்து மறையும் இந்தத் தன்மையை ஆலி விளைவு என்பார்கள். இதையே ஆயுதமாக்க முடியும். 1869 வாக்கில் மாசசூசெட்சின் மெட்ஃபோர்டில் தப்பிய ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி இன்றும் வட அமெரிக்கக் காடுகளின் இலைகளைத் தின்று தீர்க்கிறது. அது பரவும் முன்னணி விளிம்பில், பெண் பூச்சியின் வாசனைப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்து விமானத்திலிருந்து தூவுகிறார்கள். எங்கு பார்த்தாலும் பெண்ணின் வாசனை என்றால் ஆண் பூச்சிக்கு உண்மையான பெண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்தி குறைந்த விளிம்பில் அதுவே அந்தக் கூட்டத்தைச் சாகடிக்கப் போதுமானது. அடர்த்தியான மையப்பகுதியில் இந்த முறை பலிக்காது. அங்கே மோதிக்கொள்ளும் தூரத்திலேயே இணை இருக்கும்.

இணையே தேவைப்படாத உயிரிகளிடம் இந்த வழியும் அடைபட்டுப்போகிறது. பளிங்கு நண்டு என்று அழைக்கப்படும் நன்னீர்க் கூனிநண்டு 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வணிகத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. அத்தனையும் பெண், அத்தனையும் தாயின் அச்சு. ஒரே ஒரு நண்டு வாய்க்காலில் விழுந்தால் ஒரு கூட்டத்துக்கு அது போதும். மடகாஸ்கரில் அது இப்போது பெருங்கூட்டமாகியிருக்கிறது.

இன்னொரு சிக்கல், உறங்கும் காலம். பல இனங்கள் பல பத்தாண்டுகள் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று பெருகும். ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்னும் அத்தி இன மரத்தைப் புளோரிடாவில் நிழலுக்காக நெடுங்காலம் நட்டு வந்தார்கள். அதன் மலர்களுக்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்கும் அதற்கே உரிய குளவி அங்கே இல்லாததால் விதை பிடிக்கவில்லை. குளவி பின்னால் வந்து சேர்ந்தது; கட்டடச் சுவர்களிலும் பிற மரங்களின் கவட்டிலும் நாற்றுகள் முளைக்கத் தொடங்கின. "இத்தனை ஆண்டுகள் ஒன்றும் செய்யாத செடி இனியும் செய்யாது" என்ற வாதத்துக்கு அதனால்தான் மதிப்பில்லை.

புதிய இடத்தில் ஊடுருவி ஏன் இவ்வளவு செழிக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அதன் எதிரிகள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்பது. இது பாதி விடைதான். மீதி பாதி அந்த இடம் ஏற்கெனவே குலைந்திருப்பது: சாக்கடை கலந்த குளம், மேய்ச்சலால் மொட்டையான நிலம், சாலையோரம், அணைகட்டி ஓட்டம் நின்ற ஆறு. கழிவுநீரின் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நிறுத்தாமல் ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை.

நுழையும்போதே

தடுப்புக்கான விதிகளின் எண்கள் அலுப்பூட்டும். ஆனால் அவற்றின் பின்னால் உயிரியல் இருக்கிறது. மரப் பெட்டிகள், பலகைத் தட்டுகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தரம், கட்டையின் நடுப்பகுதி உட்பட முழுவதும் 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது. உலையின் காற்று 56 டிகிரியைத் தொட்டால் போதாது, ஏனென்றால் மரம் துளைக்கும் வண்டின் புழு கட்டையின் உள்ளே இருக்கிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிக்கொண்டு பிறகு வெளியேற்றும் நிலைப்புநீர் பற்றிய உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வெளியேற்றும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிருள்ளவை பத்துக்கும் குறைவாகவும், 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையுள்ளவை ஒரு மில்லி லிட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். முழுப் பூச்சியம் சாத்தியமில்லை. வந்து இறங்கும் எண்ணிக்கையைத் தானாகத் தேயும் அளவுக்குக் கீழே தள்ளுவதே நோக்கம்.

படகும் மீன்பிடிக் கருவிகளும் குளத்துக்குக் குளம் போகும் இடங்களில் மூன்று வேலைகள்: ஒட்டியிருக்கும் செடி, சேறு, சிப்பிகளை அகற்றுவது, தேங்கிய நீர் முழுவதையும் வடிப்பது, நன்றாக உலர்த்துவது. இரண்டாவதைத்தான் அதிகம் விடுகிறார்கள். வரிக்குதிரைச் சிப்பியின் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாத நீந்தும் புழு. படகின் அடியில் இரண்டு குவளை நீர் தேங்கியிருந்தாலும் அது பயணம் செய்யும். வலை, காலணி போன்றவற்றை 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் நன்னீர் ஊடுருவிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். படகின் மேற்பரப்பில் ஒட்டிய சிப்பிகளுக்கு 60 டிகிரி வெந்நீரை மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் சிப்பி கழன்று விழும், ஆனால் இறந்திருக்காது.

ஒரு சதுர மீட்டராக இருந்தபோது

காலர்ப்பா என்னும் கடற்பாசி 1984-இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்துக்குக் கீழே சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. அது மீன்தொட்டியிலிருந்து வந்ததா, இயற்கையாக வந்ததா, கேடு செய்யுமா என்ற விவாதம் நீண்டது. அதற்குள் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் போய்விட்டது. அதே பாசி 2000 ஜூனில் கலிஃபோர்னியாவின் ஒரு கடற்கழியில் தென்பட்டபோது, கண்டுபிடித்த சில வாரங்களுக்குள் திட்டுகளின் மேல் தார்ப்பாய் விரித்து, ஓரங்களை அடைத்து, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். பாசியைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் உடையும் ஒவ்வொரு துண்டும் புதிய செடியாகும். பிறகு வருடக்கணக்கில் முக்குளிப்பவர்கள் கோடுபோட்டுத் தேடினார்கள். 2006-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-இல் கறுப்புக்கோட்டுச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டபோது இன்னும் வேகமாக நடந்தது. படகுத்துறைகளைக் கடலிலிருந்து பிரிக்கும் மதகுக் கதவுகளை மூடி, உள்ளே இருந்த நீர் முழுவதிலும் குளோரினும் காப்பர் சல்ஃபேட்டும் கலந்தார்கள். உள்ளிருந்த மற்ற உயிர்களும் செத்தன. அது தெரிந்தே எடுத்த முடிவு, வாரக் கணக்கில் சிப்பி ஒழிந்தது. மூடுவதற்குக் கதவு இருந்ததால்தான் இது முடிந்தது. திறந்த துறைமுகத்தில் இதே மருந்தைக் கொட்டியிருந்தால் மீன்தான் செத்திருக்கும்.

புதிய உயிரி கேடு செய்யும் என்று நிரூபணம் வரும்வரை காத்திருந்தால் அந்த நிரூபணத்தால் பயனில்லை. அதற்குள் ஒழிக்கும் வாய்ப்பு கடந்துபோயிருக்கும். சந்தேகமிருந்தால் முதலில் அகற்று, பிறகு ஆராய் என்பதுதான் இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமான நடைமுறை. இது அறிவியலாளர்களின் வழக்கமான மனப்போக்குக்கு எதிரானது என்பதால் அவர்களே தயங்குவதும் உண்டு.

முழு ஒழிப்பு எப்போது கைகூடும்

மூன்று நிபந்தனைகள். கையாளும் முறைக்குக் கூட்டத்தின் ஒவ்வொரு உயிரியும் எட்ட வேண்டும். அகற்றும் வேகம் பெருகும் வேகத்தைவிட எப்போதும், எண்ணிக்கை மிகக் குறைந்த நிலையிலும், அதிகமாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து புதிதாக வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது ஒழிப்பு ஆகாது, ஆண்டுதோறும் தொடரும் செலவாகிவிடும்.

தீவுகளில் எலி ஒழிப்பு இந்த மூன்றையும் கச்சிதமாகக் கையாளும் துறை. தென் அட்லாண்டிக்கின் தென் ஜார்ஜியாவில் 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் 300 டன்னுக்கும் மேல் விஷ இரை தூவினார்கள். 2018-இல் எலியற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. பயன்பட்ட புரோடிஃபாகம் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. தின்ற எலி பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் சாகும். இந்தத் தாமதம்தான் அதன் சிறப்பு. உடனே கொல்லும் விஷத்தை நாலு எலி தின்று துடித்தால் ஐந்தாவது எலி இரையைத் தொடாது. தாமதமாகச் சாகும்போது நோயையும் இரையையும் அது தொடர்புபடுத்துவதில்லை. ஹெலிகாப்டரின் பாதைகளைச் செயற்கைக்கோள் வழிகாட்டியால் குறித்து, ஒன்றின் மேல் ஒன்று பாதிவரை படியும்படி பறப்பார்கள். ஒரே ஒரு எலியின் நடமாட்டப் பரப்பு விடுபட்டாலும் எல்லாம் வீண். பல தீவுகளில் சில நாள் அல்லது வாரம் கழித்து இரண்டாம் முறை தூவுகிறார்கள், முதல் முறையின்போது வளைக்குள் பால்குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் அப்போதுதான் வெளியே வரும். பிணம் தின்னும் பறவைகள் சில இந்த விஷத்தால் சாவதும் நடக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பருவத்தைத் தேர்வு செய்கிறார்கள்.

கடைசி சில உயிர்களைத் தேடுவதுதான் செலவு அதிகமான பகுதி. கலபாகஸ் தீவுகளில் ஆடுகளை ஒழித்தபோது கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆடு கூட்டம் தேடும் விலங்கு. வேட்டைக்காரர் கண்ணில் படாத ஆடுகளை அது தானே கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளும். பிறகு கருத்தடை செய்து, நீண்ட நாள் பருவத்தில் இருக்கும்படி ஹார்மோன் கொடுத்த பெண் ஆடுகளை அனுப்பினார்கள். ஒளிந்திருந்த கிடாக்கள் தாமாக வந்தன.

இரண்டாவது நிபந்தனையைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சீட்ரிஃப்ட் கடற்கழி எடுத்துக்காட்டு. 2009 முதல் 2013 வரை ஐரோப்பியப் பச்சை நண்டுகளைப் பொறிவைத்துப் பிடித்து, ஒரு லட்சத்துக்கு மேலிருந்த எண்ணிக்கையைப் பத்தாயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். 2014-இல் அது ஏறக்குறைய மூன்று லட்சமாகிவிட்டது. பொறியில் சிக்கியவை பெரிய நண்டுகள். அந்தப் பெரிய நண்டுகளே குஞ்சுகளைத் தின்று கூட்டத்தை அடக்கி வைத்திருந்தன. தொண்ணூறு விழுக்காடு அகற்றியது அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. தன் இனத்தைத் தானே தின்னும் உயிரிகளிடம் முழு ஒழிப்புக்கு முயன்று கடைசியில் சிலவற்றை விட்டுவிடுவதைவிட முயற்சியே இல்லாதது மேலாக இருக்கலாம். இத்தகைய இடங்களில் முழு ஒழிப்பை விட்டுவிட்டு, பூர்வீக உயிர்கள் பிழைக்கும் அளவுக்கு மட்டும் எண்ணிக்கையைக் குறைத்து வைத்துக்கொள்வதுதான் இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

ஒன்றை அகற்றினால் இன்னொன்று எழும் சிக்கலும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள மக்குவாரி தீவில் 2000 வாக்கில் பூனைகள் ஒழிக்கப்பட்ட பின் முயல்கள் பெருகிச் சரிவுகளை மொட்டையாக்கின. முயல்களைக் கட்டுப்படுத்தி வந்த மிக்சோமா வைரஸ் வீரியம் இழந்துவந்ததும் ஒரு காரணம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் சேர்த்தே ஒழிக்க வேண்டியதாயிற்று. அது முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2014-இல்.

செடிகள்: வெட்டுவதும் பூசுவதும் அள்ளுவதும்

வெட்டினால் துளிர்க்கும் மரத்தை வேரோடு பெயர்க்க முடியாத இடங்களில் கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டியிருக்கும். முடிந்தவரை தரையை ஒட்டி, சமமாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் மருந்து வழிந்து போகும். மரத்தூளைத் துடைத்துவிட்டு, பட்டைக்கு உட்புறமாக ஓடும் வெளிவளையத்தில் மட்டும் பூசினால் போதும். மருந்தை வேருக்குக் கொண்டுபோகும் உயிருள்ள திசு அங்கேதான் இருக்கிறது. நடுவிலுள்ள வைரம் செத்த கட்டை. கிளைபோசேட் போன்ற நீரில் கரையும் மருந்தை வெட்டிய கையோடு, மிஞ்சினால் ஐந்து நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் வெட்டுமுகம் அடைத்துக்கொள்ளும். காலையில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மாலையில் பூசுவதுதான் வேலைத்தளங்களில் அதிகம் நடக்கும் தவறு. வெட்டுபவர் ஒருவர், பூசுபவர் ஒருவர் என்று இருவராகப் போனால் இது நேராது. எண்ணெயில் கலந்த டிரைக்ளோபைர் என்ற களைக்கொல்லியை மெல்லிய பட்டையுள்ள இளமரங்களில் வெட்டாமலேயே அடிமரத்தைச் சுற்றிப் பூசலாம். கடும் வறட்சியில் வாடி நிற்கும் செடியில் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. சாறு ஓடாத செடி மருந்தைக் கீழே இறக்குவதில்லை.

ஆகாயத்தாமரை வேறு கணக்கு. அதன் எடையில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீர். அடர்ந்த பாயாக மூடியிருந்தால் ஒரு ஹெக்டேரில் 200 டன்னைத் தாண்டும். இயந்திரம் வைத்து அள்ளுவது என்றால் பெரும்பாலும் தண்ணீரைச் சுமப்பதுதான். சாதகமான வெயிலும் சத்தும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும். ஆகவே அள்ளும் வேகத்தை முதலில் கணக்கிட வேண்டும்: பத்து ஹெக்டேர் குளத்தில் நாளொன்றுக்கு அரை ஹெக்டேர் அள்ளினால், தொடங்கிய இடத்தை முடிக்கும் முன் பின்னால் மூடிவிடும். மிதவைத் தடுப்புகளால் குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை முற்றிலும் முடித்து, கையால் பொறுக்கி, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அள்ளியதை வெள்ளம் தொடாத மேட்டில் குவிக்க வேண்டும். கரையோரம் போட்டது முதல் மழையிலேயே திரும்பி வரும். சேற்றில் கிடக்கும் விதைகள் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். நீர்மட்டம் இறங்கிச் சேறு வெளிப்படும் கோடையில்தான் அவை முளைக்கும் என்பதால், கரையோர நாற்றுகளைத் தேட வேண்டிய பருவமும் அதுவே.

மருந்து தெளித்தால், முழுக் குளத்துக்கும் ஒரே நாளில் தெளிக்கக் கூடாது. செத்த செடி நீருக்குள் அழுகும்போது கரைந்த ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். மூன்றில் ஒரு பங்கு தெளித்து, பத்துப் பதினான்கு நாள் விட்டு, பிறகு அடுத்த பங்கு. நிலத்துக்கான கிளைபோசேட் கலவைகள் சிலவற்றில் சேர்க்கப்படும் ஒட்டுப்பொருள் தவளைகளுக்கும் மீன்களுக்கும் மருந்தைவிடக் கொடிய நஞ்சு என்பதால், நீர்நிலைக்கென்று அனுமதி பெற்ற கலவையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எதிரியை வரவழைப்பது

உயிரியல் கட்டுப்பாட்டின் மிகச் சிறந்த பாடம் சால்வினியா என்னும் மிதக்கும் பெரணியிடம் இருக்கிறது. மலடான இந்தப் பெரணி, துண்டு துண்டாக உடைந்தே ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நீர்நிலைகளை மூடியது. இதைச் சால்வினியா ஆரிகுலேட்டா என்று தவறாக அடையாளம் கண்டு, அந்த இனத்தின் மீது வாழும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், பெரிய பலனில்லை. 1972-இல்தான் இது தனி இனம் என்று தெளிவாகி சால்வினியா மொலெஸ்ட்டா என்று பெயர் பெற்றது. அதன் பிறப்பிடம் தென்கிழக்கு பிரேசில் என்று 1978-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே ஒரு கூன்வண்டு இருந்தது. பழைய வண்டைப் போலவே தோன்றியதால் அதுவும் அதே இனம் என்றே முதலில் நினைத்தார்கள். 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டதும், ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் பாய் சிதைந்து மூழ்கியது. 1985-இல் அந்த வண்டும் தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. பழைய வண்டின் புழு இலையை வெளியிலிருந்து கடித்தது. புதிய வண்டின் புழு கிடைத்தண்டுக்குள் துளைத்துச் செல்லும். வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும். மலட்டுப் பெரணிக்குப் பெருக மொட்டைத் தவிர வேறு வழியே இல்லை.

அதே வண்டைப் பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதியில் விட்டபோது அது முதலில் நிலைகொள்ளவில்லை. அந்த நீரில் சத்துக் குறைவு. பெரணியில் நைட்ரஜன் போதாததால் வண்டு இனம் பெருக்கவில்லை. களைக்கு யூரியா போட்டார்கள். பெரணி செழித்தது, வண்டு பெருகியது, அதன் பிறகு வண்டே கடித்த செடிகளில் புதுத் துளிர்களின் நைட்ரஜன் கூடி, உரம் இல்லாமலே தொடர்ந்தது. சுமார் 250 சதுர கிலோமீட்டரை மூடியிருந்த பெரணி சில ஆண்டுகளில் 2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. ஒழிக்க வேண்டிய களைக்கு உரமிடுவதைக் காகிதத்தில் படிப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும்.

ஆப்பிரிக்காவின் மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே சறுக்கல் நேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் தோன்றிய அந்தப் பூச்சியின் பூர்வீகத்தைத் தென் அமெரிக்காவின் வடக்கில் தேடினார்கள். கிடைத்தது பார்க்க ஒன்றுபோலிருந்த வேறு இனம். சரியான இனம் 1981-இல் பராகுவேயில் கிடைத்தது, அதனுடன் அதை ஒட்டுண்ணும் சிறு குளவியும் கிடைத்தது. அதே ஆண்டு நைஜீரியாவில் விடத் தொடங்கிய குளவி கண்டத்தின் மரவள்ளிப் பகுதி முழுவதும் பரவிப் பூச்சியை அடக்கியது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இந்த முறைக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தவை வேறு வகை. 1935-இல் கரும்பு வண்டுக்காக ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த சுமார் நூறு தேரைகள், கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணிகள். வண்டின் புழு மண்ணுக்குள், வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1955-இல் ஹவாயிலும் 1970களில் டஹிட்டியிலும் மூரியாவிலும் விட்ட வேட்டை நத்தை, ராட்சதனை விட்டுவிட்டு அந்தத் தீவுகளுக்கே உரிய சிறிய மரநத்தைகளைத் தின்று தீர்த்தது. இன்றைய நடைமுறையில் இவ்விரண்டும் முதல் சோதனையிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கும். ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்தால், குறிவைத்த களைக்கு மிக நெருங்கிய உறவுள்ள செடிகளில் தொடங்கி, உறவு விலக விலக ஒவ்வொன்றாக வைத்துச் சோதிக்கிறார்கள். வேறு உணவே இல்லாமல் பட்டினி போட்டாலும் அது தின்ன மறுக்கிறதா, முட்டையிட மறுக்கிறதா என்று பார்ப்பது கடுமையான சோதனை. அப்படியும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடாது: 1926 முதல் ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளியை அழித்துப் புகழ்பெற்ற கள்ளி அந்துப்பூச்சி, 1989-இல் புளோரிடாவில் தென்பட்டது. கள்ளியே பூர்வீகமான கண்டத்தில் அது இப்போது ஊடுருவி.

பலன் தரும் வண்டுகளையும் நாமே கெடுத்துக்கொள்ளலாம். ஆகாயத்தாமரையின் கூன்வண்டுக்குச் சில ஆண்டுகள் பொறுமை தேவை. இடையில் யாரோ குளம் முழுவதும் மருந்து தெளித்தாலோ, இயந்திரத்தால் வழித்தெடுத்தாலோ வண்டும் சேர்ந்து போய்விடும். சேற்றில் கிடந்த விதையிலிருந்து களை மட்டும் திரும்பும். இரண்டு முறைகளையும் சேர்த்துச் செய்வதென்றால் வண்டு பிடித்த சில திட்டுகளைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். விக்டோரியா ஏரியில் 1990களின் நடுவில் வண்டு விட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பாய்கள் சரிந்தன. 1997–98 எல் நினோ காலத்தின் அலையும் மேகமூட்டமும் அதற்கு உதவின. சத்துகள் வந்து சேருவது நிற்காததால் பிற்பாடு களை மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது.

பயன்படுத்தி ஒழிப்பது என்ற ஆசை

கரி சுடலாம், கூடை முடையலாம், சமைத்துத் தின்னலாம் என்ற யோசனை எல்லா ஊடுருவிகளுக்கும் வரும். இதன் கணக்கு எளிது: அள்ளுவது லாபமாக இருக்கும்வரை அள்ளுவார்கள். அடர்த்தி குறைந்ததும் தேடும் செலவு கூடும், லாபம் நிற்கும், அள்ளுவது நிற்கும். ஒழிப்புக்கு எது தேவையோ, அந்தக் கடைசிப் பத்து விழுக்காடு அப்படியே இருக்கும். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் சீமைக் கருவேலத்தைக் கரியாக்கிக் கட்டுப்படுத்த முயன்றபோது வெட்டிய கட்டைகள் துளிர்த்தன. அடிக்கட்டையைப் பெயர்ப்பதில் கரிக்காரருக்கு என்ன லாபம்? அட்லாண்டிக்கில் ஊடுருவிய சிங்கமீனை முக்குளித்துக் குத்திப் பிடிப்பது ஆழமற்ற பவளப்பாறைகளைக் காப்பாற்றுகிறது, அது உண்மையான பலன். ஆனால் அந்த மீன் மனிதர் இறங்க முடியாத ஆழத்திலும் வாழ்கிறது, வெதுவெதுப்பான நீரில் சில நாட்களுக்கொருமுறை முட்டையிடுகிறது. வேலைச் செலவைக் குறைக்கும் துணை வருமானமாக வைத்துக்கொண்டால் பயன்பாடு நல்லது. அதையே திட்டமாக்கினால் களை நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிற ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

பிறகு வரும் ஆண்டுகள்

அகற்றிய நிலத்தில் அடுத்த பருவம் முளைப்பது பெரும்பாலும் மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதைகளின் சேமிப்பான விதைவங்கியிலிருந்து வரும் அதே களை, இல்லாவிட்டால் வெளிச்சத்துக்குக் காத்திருந்த இன்னொரு களை. உண்ணிச்செடியைப் பிடுங்கிய இடத்தில் பறவைகள் அமரும் மரங்களின் அடியில் நாற்றுகள் திரண்டிருக்கும். எச்சத்தோடு விதை விழும் இடம் அது. முதலில் பார்க்க வேண்டியது அங்கே. சீமைக் கருவேலத்தின் விதை கால்நடைகளின் குடல்வழி வருவதால், நெற்று விழும் பருவத்தில் அந்த மந்தைகளைச் சுத்தம் செய்த நிலத்துக்குள் விடாமலிருப்பது ஒரு வெட்டுக்குச் சமம். வேலையின் பணத்தை முதல் ஆண்டிலேயே தீர்த்துவிடாமல், மழைக்குப் பின் நாற்று பிடுங்குவதற்கும் பூர்வீகப் புல்லையும் செடியையும் விதைப்பதற்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். நாற்று பூப்பதற்கு முன் ஒருமுறை, விடுபட்டதற்கு மறுமுறை, விதைவங்கி தீரும்வரை.

எப்போது முடிந்தது என்று சொல்வது? கண்ணில் படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ராட்சத நத்தை 1966-இல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து கொண்டுவந்த மூன்று நத்தைகளாகப் புளோரிடாவுக்குள் வந்தது. ஏழாண்டுகளில் 18,000-க்கும் மேல் பிடித்தார்கள்; 1975-இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். 2011-இல் மயாமி பகுதியில் புதிதாகத் தோன்றியது. இம்முறை மோப்ப நாய்களும் மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லி கலந்த இரையும் பயன்பட்டன. வறட்சியில் ஓட்டை மூடிக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும் உயிரி என்பதால், கடைசி நத்தை 2017-இல் கிடைத்த பிறகும் தேடல் தொடர்ந்து, 2021 அக்டோபரில்தான் ஒழிப்பு அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் அதே மாநிலத்தின் பாஸ்கோ வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் மீண்டும் உயிருள்ள நத்தை கிடைத்தது. தனிமைப்படுத்தும் எல்லை மறுபடி வரையப்பட்டது.